இருபத்தைந்தாம் வாசல்

நாட்டின் இறையாண்மையைக் காப்பாற்றுவது என்று ஏரிக்கரை வட்டாரக் கொள்முதல் ஆணையம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் முடிவு செய்தது. அது எந்த ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஆணையத்தின் செயலாளர் கிசாம்பிரா தலைநகரில் மூன்று நாள் கருத்தரங்கில் உட்கார்ந்து திரும்பிய பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. இலவச மின்னஞ்சல் முகவரிகள் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

சுற்றறிக்கை வந்தது. அரசு மருத்துவமனைகளுக்குப் பொருள் தர விரும்பும் எந்த நிறுவனமும் இனி விலைப்புள்ளியை மின்னஞ்சலில் மட்டுமே அனுப்ப வேண்டும். முகவரி நிறுவனத்தின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். அந்த அஞ்சலை அனுப்பும் சர்வர் நிறுவனத்தின் சொந்தக் கூரைக்குக் கீழே, சொந்த மேசைக்கு மேலே இருக்க வேண்டும். ஐயம் இருப்பவர்கள் எழுதிக் கேட்கலாம் என்று அடியில் ஒரு முகவரி கொடுத்திருந்தார்கள். அது இலவச முகவரி.

இந்தச் சுற்றறிக்கையை நைகாகா என் கடைக்குத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். கசெண்யி கடைத்தெருவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவன் நான் ஒருவன்தான். எங்கள் ஊரில் ஸ்டாம்ப் இல்லாத காகிதத்தை வறுத்த மீன் மடிக்கத்தான் எடுப்பார்கள். அதனால் அரசாங்கம் எதையாவது எழுதி அனுப்பினால் அதற்குப் பொருள் எனக்குத் தெரியும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

நைகாகாவுக்குப் பதினொரு பெண்கள் தைக்கிறார்கள். ஒன்பது வருடமாக அரசு மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்பும் கொசுவலையும் அவள் கொடுத்ததுதான். அவள் தையற்கூடத்து வாசலில் நின்றால் மருத்துவமனைக் கொடியில் அவள் தைத்த விரிப்புகள் காய்வது தெரியும். விலைப்புள்ளியை ஒரு காகிதத்தில் எழுதுவாள், நான் செய்துகொடுத்த ஸ்டாம்பைக் குத்துவாள், தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒன்பது வருடமும் அப்படித்தான் நடந்தது. இதில் இறையாண்மை கலக்கவே இல்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

பிரசவ வார்டில் விரிப்புகள் கந்தலாகி, பெண்களைப் பிளாஸ்டிக் தாளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். போன வாரம் அவள் தையற்காரிகளில் ஒருத்தி அப்படித்தான் பெற்றெடுத்தாள். கெடு ஆறு வாரம். இந்த ஒப்பந்தம் போனால் பதினொரு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று நைகாகா சொன்னாள்.

அவளுக்கு ஒரு அண்ணன், இசபிர்யே. தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் கணினி வகுப்புக்குப் போய், கூடப் படித்த பள்ளிப் பிள்ளைகளை முந்திக்கொண்டு முதல் மதிப்பெண் வாங்கினார். கடிதம் என்றால் அவருக்கு அது காகிதத்தில் இருந்தாலும் கம்பியில் இருந்தாலும் ஒன்றுதான், போய்ச் சேர வேண்டும். ஒரு பழைய கணினியை வாங்கித் தையற்கூடத்து மூலையில், நூல்கண்டு அலமாரிக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தார். தையற்கூடத்தில் ஏற்கனவே ப்ராட்பேண்ட் இணைப்பு இருந்தது. நாலு நாள் உட்கார்ந்து சர்வரை எழுப்பிவிட்டார். 'நைகாகா டெக்ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் முகவரி தயார். முதல் கடிதத்தை அனுப்பினார். அது கூடத்தை விட்டு வெளியே போகவில்லை.

இணைப்புக் கம்பெனிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் போனதற்குக் காரணம், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஸ்டாம்ப் வேண்டியிருக்கும் என்பது. அங்கே வாடிக்கையாளர் நலன் அதிகாரி பியாகதோண்டா எங்களை உட்காரச் சொல்லி, ஆளுக்கொரு குவளை தண்ணீர் கொடுத்து, மிகவும் மரியாதையாக விளக்கினார். ஒரு கணினியிலிருந்து அஞ்சல் வெளியேறும் வழிக்கு இருபத்தைந்தாம் வாசல் என்று பெயராம். வீடுகளுக்கு அதை அடைத்தே வைத்திருப்பார்களாம். வீட்டிலிருந்து வரும் அஞ்சலெல்லாம் குப்பை என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மையாம்.

"இது வீடு இல்லீங்க, தையல் கம்பெனி" என்றார் இசபிர்யே.

"அப்ப வணிக இணைப்புக்கு மாறிக்குங்க. ஒரு விண்ணப்பம் போதும்."

இசபிர்யே பேனாவை எடுத்தார். நான் ஸ்டாம்பை எடுத்தேன்.

"கையால எழுதினா செல்லாதுங்க ஐயா. உங்க சர்வர்லேர்ந்து மின்னஞ்சலா வரணும். அப்பத்தானே உங்ககிட்ட நெஜமாவே சர்வர் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்?"

"வாசல்தான் அடைச்சிருக்கே. அஞ்சல் எப்படிங்க வெளிய வரும்?"

"அதைத் திறக்கத்தான் விண்ணப்பம் போடச் சொல்றேன்" என்றார் பியாகதோண்டா. கேலியாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

நைகாகா எழுந்து வெளியே போய்விட்டாள். இசபிர்யே மட்டும் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை மோட்டார் சைக்கிள் பின்னால் சர்வரைக் கட்டிக்கொண்டு அதே அலுவலகத்துக்கு வந்தார். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் சுவரில் இருந்த இணைப்பில் கம்பியைச் செருகினார், மடியில் விசைப்பலகையை வைத்துக்கொண்டார், அங்கிருந்தே அங்கேயே விண்ணப்பத்தை அனுப்பினார். அதற்கு எந்த வாசலும் தேவைப்படவில்லை. எட்டடி தள்ளி பியாகதோண்டாவின் கணினி டிங் என்றது. அவர் படித்தார், தலையாட்டினார், விண்ணப்பம் முறைப்படி வந்து சேர்ந்தது என்றும் ஐந்து வேலை நாளில் ஆய்வாளர் நேரில் வருவார் என்றும் பதில் எழுதினார். இசபிர்யேயின் மடியில் டிங் என்றது. இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஆய்வாளர் வந்தார். அடுப்பில் மதியத்துக்கு மக்காச்சோளக் களி கொதித்துக்கொண்டிருந்தது. புதிதாகப் பெற்றவளின் குழந்தை துணி மூட்டையின் மேல் தூங்கியது. ஆய்வாளர் 'சமையல் நடைபெறுகிறது, உறக்கம் நடைபெறுகிறது, இது வீடு' என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை வந்தபோது அடுப்பை அணைத்து, குழந்தையைப் பக்கத்து இறைச்சிக் கடையில் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் சமைக்காததால் பெண்கள் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். 'எவரும் பணியில் இல்லை. இது நிறுவனமன்று' என்று எழுதினார். மூன்றாம் தடவை பதினொரு பேரும் பட்டினியாக உட்கார்ந்து, துணியே வைக்காமல் வேகமாகத் தைத்துக் காட்டினார்கள். அவருக்கு மிகவும் திருப்தி. இதுதான் நிறுவனம் என்றார்.

வணிக இணைப்புக்கு மாத வாடகை எட்டு மடங்கு. புதிய கம்பி எப்போது போடுவீர்கள் என்று நைகாகா கேட்டாள். கம்பி அதேதான், அதன் அந்தஸ்து மட்டும்தான் மாறியிருக்கிறது என்றார்கள்.

வாசல் திறந்தது. ஆணையத்துக்குச் சோதனைக் கடிதம் போயிற்று. போன வேகத்தில் திரும்பியது. இசபிர்யே அதைப் படித்து எங்களுக்குச் சொன்னார். இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண்ணுக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும், அதை எழுதும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே உண்டு, எங்கள் பலகை காலியாக இருக்கிறது. கம்பெனிக்கு எழுதினார். அவர்கள் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதியவருக்கு அன்றைக்கு அவசரமோ என்னவோ, 'நைகாகா டெக்ஸ்டைல்ஸ்' என்பது 'நைகாகா ரெப்டைல்ஸ்' ஆகிவிட்டது. துணிக்கடை, பாம்பும் முதலையும் விற்கிற கடையாகிவிட்டது.

அஞ்சலில் உள்ள பெயரும் பலகையில் உள்ள பெயரும் ஒத்துப்போனால்தான் கடிதம் ஏறும், அதனால் திருத்தக் கேட்டோம். பலகை எழுத ஒரு நாள், திருத்தத் தொண்ணூறு வேலை நாள் என்றார்கள். கெடுவுக்கு இருந்தது பதினேழு நாள்.

"கம்பெனிப் பேரை மாத்த எத்தனை நாள் ஆகும் முகோயா அண்ணே?" என்று நைகாகா என்னைக் கேட்டாள்.

பதிவாளர் அலுவலகத்தில் இரண்டே நாள் என்றேன். எனக்கு அங்கே ஆள் உண்டு.

அந்தப் பெயர் அவள் புருஷன் வைத்தது. அவன் இறந்த பிறகும் பலகையை மாற்றாமல் வருடா வருடம் வண்ணம் அடித்து வைத்திருந்தாள். இருந்தாலும் சரி என்றாள். அன்று மாலையே நான் புது ஸ்டாம்பைச் செய்து கொடுத்தேன்: 'நைகாகா ரெப்டைல்ஸ் லிமிடெட். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள்.' அவளிடம் காசு வாங்கவில்லை. இதை இங்கே சொல்லி வைப்பது நல்லது.

பெயர் பதிவேட்டில் ஏறிய மூன்றாம் நாள் வனவிலங்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். முதலைகளுக்கு உரிமம் இருக்கிறதா என்றார். முதலையே இல்லை என்று நைகாகா சொன்னாள். பெயரில் இருக்கிறதே என்றார். கூடம் முழுக்கத் தேடினார், சாயத்தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். 'முதலைகள் கண்ணில் படவில்லை. நீருக்கடியில் இருக்கக்கூடும்' என்று அறிக்கை எழுதி, சாயத்தொட்டிக்கு வேலி போடச் சொல்லிவிட்டுப் போனார். வேலி போட்டாள்.

இனி அஞ்சல் போகும் என்று நினைத்தோம். போயிற்று. ஆணையத்தின் கணினி வாங்கிக்கொண்டது. வாங்கி நேராக ஸ்பாம் என்னும் குப்பைக்கூடையில் போட்டது. எங்கள் எண்ணுக்கு நன்மதிப்பு இல்லையாம். அந்த எண்ணை எங்களுக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, இறந்துபோன தளபதியின் தங்கத்தில் பாதி தருவதாக உலகத்துக்கெல்லாம் எழுதியிருக்கிறான். நன்மதிப்புப் பட்டியல் வைத்திருப்பவர்கள் எங்கோ கடல்தாண்டி இருந்தார்கள். இசபிர்யே அவர்களுக்குத் தன் முப்பத்தோரு வருடச் சேவையைப் பற்றி விரிவாக எழுதினார். பதில் வந்தது. உங்களைப் பற்றிக் கெட்ட செய்தி இல்லை, நல்ல செய்தியும் இல்லை. தினமும் நிறையப் பேருக்கு அஞ்சல் அனுப்புங்கள், அவர்கள் அதைத் திறந்து பதில் போட்டால் உங்களை நம்புவோம்.

அதாவது, குப்பை அனுப்புகிறவர் இல்லை என்று நிரூபிக்க ஊரெல்லாம் குப்பை அனுப்ப வேண்டும்.

"கேக்காதவங்களுக்குக் கடிதம் போடறது பாவம்டா முகோயா. நான் போட்டதே இல்ல" என்றார் இசபிர்யே என்னிடம். சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து போட்டார்.

கடைத்தெருவில் நாற்பத்தாறு பேருக்கு அவரே இலவச முகவரி திறந்துகொடுத்தார். இறையாண்மையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காலையில் எல்லோருக்கும் வணக்கம் என்று ஒரு கடிதம் போகும். அவர்கள் தங்கள் குப்பைக்கூடையிலிருந்து அதைத் தேடி எடுத்து, 'இது குப்பையல்ல' என்று பொத்தானை அழுத்தி, பதில் எழுத வேண்டும். பாதிரியார் ஞாயிறு ஆராதனையில் இதை அறிவித்தார். இறைச்சிக் கடைக்காரர் கவன்குசி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். மீன் விற்கும் பெண்கள் வரிசையாக நின்று அழுத்தினார்கள். பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் சிலர் மீன் விலை எழுதினார்கள், ஒருவர் பத்து வருடம் முன்பு நில எல்லைச் சண்டையில் தான் பொய் சாட்சி சொன்னதை எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தார். இசபிர்யே அத்தனையையும் படித்தார். நன்மதிப்பு ஏறியது.

கரண்ட் போகும் நாட்களில் இறங்கியது. சர்வரும் இஸ்திரிப் பெட்டிகளும் ஒரே மீட்டர். நாலு இஸ்திரி சேர்ந்து சூடேறினால் சர்வர் அணைந்துவிடும். அதனால் இசபிர்யே "கடிதம் போகுது" என்று குரல் கொடுத்தால் பெண்கள் இஸ்திரிகளின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு வாரத்தில் நாற்பது விரிப்புகூட முடியவில்லை. ஆனால் அஞ்சல் போக்குவரத்து மிகவும் மும்முரமாக இருந்தது.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விலைப்புள்ளி போய், குப்பைக்கூடையில் விழாமல், ஆணையத்தின் மேசையில் விழுந்தது. இசபிர்யே நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். பெண்கள் கைதட்டினார்கள். நைகாகா அடுப்பைப் பற்றவைத்து அன்றைக்குக் களியோடு மீனும் சமைத்தாள்.

மறுநாள் கிசாம்பிராவே என் கடைக்கு வந்தார். தன் பதவிக்குப் புது ஸ்டாம்ப் வேண்டுமென்று வந்தவர், பேச்சுவாக்கில் ஒரு சங்கடத்தைச் சொன்னார். வட்டாரம் முழுவதிலிருந்தும் ஒரே ஒரு விலைப்புள்ளிதான் வந்திருக்கிறது. மற்ற எவராலும் சர்வர் வைக்க முடியவில்லை. விதிப்படி குறைந்தது மூன்று வேண்டும். இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"போட்டி ஆரோக்கியமா இருக்கணும் பாருங்க" என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

எனக்குப் புரிந்தது. அவருக்கும் எனக்குப் புரிந்தது புரிந்தது. பிரசவ வார்டை நினைத்துத்தான் செய்தோம் என்று இன்றைக்கும் சொல்வேன். பெயர் மாற்றத்தான் இரண்டு நாள், புதிதாகப் பிறக்க அரை நாள் போதும். அன்று மாலைக்குள் இரண்டு நிறுவனங்கள் பிறந்தன. ஒன்று கவன்குசியின் பெயரில், மற்றொன்று என் பெயரில். இரண்டுக்கும் ஸ்டாம்ப் நானே செய்தேன். இசபிர்யே அதே சர்வரில் இரண்டு புது முகவரி போட்டு, இரண்டு விலைப்புள்ளியும் அவரே எழுதினார். நைகாகாவின் விலையைவிட எங்கள் விலை கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். சர்வர் சொந்தக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், தையற்கூடத்தின் கூரையில் ஆளுக்கொரு தகரத்தை நைகாகா எங்களுக்கு எழுதிக் கொடுத்தாள். கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது இஸ்திரிகள் அணைந்தன, கடிதங்கள் போயின.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது.

கவன்குசியின் கடிதத்தை ஆணையத்தின் கணினி குப்பையில் போட்டுவிட்டது, மூன்று என்ற எண்ணிக்கைக்கு மட்டும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். நைகாகா ரெப்டைல்ஸ் லிமிடெட் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஊர்வன வளர்ப்பு நிறுவனத்துக்குத் துணித்தொழிலில் முன் அனுபவம் இல்லை என்பது முதல் காரணம். ஒன்பது வருட அனுபவம் நைகாகா டெக்ஸ்டைல்ஸுக்கு உரியது, அப்படியொரு நிறுவனம் இப்போது பதிவேட்டில் இல்லை. வளாகத்தில் முதலைகள் இருக்கக்கூடும் என்று வனவிலங்கு அலுவலகம் தெரிவித்திருப்பது இரண்டாவது காரணம், நோயாளிகளின் பாதுகாப்பு கருதி. மிஞ்சியது என் நிறுவனம். எனக்கும் அனுபவம் இல்லைதான். ஆனால் புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களை ஊக்குவிக்கும் திட்டத்தின் கீழ் அது எனக்குத் தகுதியாகவே கருதப்பட்டது.

ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்ற விதி இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன். ஒருமுறை கேட்டேன்.

அதனால் இப்போது நைகாகா தன் விலைக்கு விரிப்புகளைத் தைத்து எனக்குக் கொடுக்கிறாள், நான் என் விலைக்கு மருத்துவமனைக்குக் கொடுக்கிறேன். நடுவில் இருக்கும் வித்தியாசத்தை அவளிடமே கொடுத்துவிடுவது என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் ஒரு நிறுவனம் என்றால் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது. இசபிர்யே என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். என் நிறுவன முகவரிக்கு வரும் கடிதங்களை மட்டும் அச்செடுத்து, மடித்து, கடைக் கதவின் கீழே தள்ளிவிட்டுப் போகிறார்.

கொள்முதல் சுற்றறிக்கையைப் பற்றி அவசரப்பட்டு நான் முன்னால் சில வார்த்தைகள் சொல்லியிருப்பேன். நிதானமாகப் படித்தால் அதில் தொலைநோக்கு இருக்கிறது. சொந்த சர்வர் இல்லாத கண்டவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்குச் சப்ளை செய்ய வந்துவிட்டால் தரம் என்னாவது? போன மாதம் கிசாம்பிரா ஏற்பாடு செய்த கருத்தரங்கில் இதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல்.

முதல் தவணை விரிப்புகள் போன அன்று பிரசவ வார்டில் ஒரு சிறு விழா வைத்தார்கள். வெள்ளை விரிப்புகளில் பெண்கள் படுத்திருந்தார்கள். தலைமைச் செவிலி என் கையைப் பிடித்து, ஆண்டவர் உங்கள் கைகளை ஆசீர்வதிக்கட்டும் என்றார். நான் கைகளைக் காட்டினேன். மூட்டைகளை இறக்கிவிட்டு நைகாகா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. உங்க வாழ்க்கையில ஒரு நாளாவது ஊசியில நூல் கோத்திருக்கீங்களா?"

கோபம் வரவில்லை. அவளை உட்காரவைத்து, பியாகதோண்டா எங்களுக்கு விளக்கிய அதே மரியாதையோடு விளக்கினேன். ஆணையத்தின் பதினான்கு பக்க ஒப்பந்தப் படிவத்தை நான் முழுசாகப் படித்திருக்கிறேன், அந்தக் கேள்வி அதில் எங்கேயும் இல்லை.